கடலோர வளவும் காலமறிந்த பயிரும்

திருவள்ளுவப் பெருந்தகை உழவுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர். அது திருக்குறளின் 104 ஆம் அதிகாரம். அதற்கு வெகு முன்னதாக, 49 ஆம் அதிகாரமாகக் ‘காலமறிதல்’ இடம்பெறுகின்றது. அங்கே அது அரசனுக்குரிய அறிவாகவே கூறப்பட்டுள்ளது. ஆயினும் மண்வெட்டி பிடிப்பவனுக்கும் அதுவே முதற்பாடமாகும். கடலுக்கும் களப்புக்கும் நடுவே, கால் புதையும் மணலில், வீட்டு வளவில் நான்கு கத்தரியும் நான்கு மிளகாயும் நட்டுப் பிழைக்க வேண்டிய அறுகம்பே, உல்லை, பொத்துவில், கோமாரிப் பகுதி மக்களுக்கு இப்பாடம் பிறரைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகின்றது.

இதனை 2022 ஆம் ஆண்டு நன்கு உணர்த்தியது. நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிகளின் வரவு குறைந்தது. வந்த மரக்கறியும் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. வீட்டுக்கு வீடு தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்கம் வேண்டுகோள் விடுத்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் அமைச்சரவை தீர்மானித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் யூன் மாதம் என்பது கொழும்புக்கும் களுத்துறைக்கும் மழைக்காலம். அம்பாறைக் கரைக்கோ அது கச்சான் வீசும் கோடை. ஒரே நாட்காட்டி ஒரே நாட்டின் இரு கரைகளுக்கும் பொருந்தாது என்பதைத் தீர்மானம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. விதைப் பொட்டலம் கைக்கு வந்த நாளே விதைக்கும் நாள் என்று கருதியவர்களுக்கு, கிணற்றடியில் வாளியோடு நின்ற களைப்பே பெரும்பாலும் மிஞ்சியது.

காற்றும் மழையும்

ஆண்டொன்றுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தை இலங்கையில் உலர் வலயம் என்பர். அறுகம்பே இவ்வலயத்தைச் சேர்ந்தது. இங்கு மழையின் மொத்த அளவைவிட, அது விழும் காலமே முக்கியமானது. ஐப்பசி முதல் தை வரையான நான்கு மாதங்களுக்குள் ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. பங்குனி, சித்திரையில் மாலை வேளைகளில் இடியோடு சிறிது மழை உண்டு. அதன்பின் ஆவணி வரை வானத்தை நம்ப முடியாது.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வருவது. அதுவே பெரும்போகத்தின் தாய். கச்சான் காற்று மேற்கிலிருந்து வருவது. (கச்சான் என்றால் இக்காலச் சிறுவருக்குக் கொறிக்கும் கடலைதான் நினைவுக்கு வரும்.) தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாக இறக்கிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே கீழிறங்கும்போது வெப்பமும் வரட்சியும் கொண்ட காற்றாக மாறிவிடுகின்றது. வெறுங்கையோடு வருவதுமன்றி, இலையில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். இக்காற்றுக்கு வானிலை அறிஞர்கள்கூட ‘கச்சான்’ என்ற தமிழ்ப் பெயரையே ஆங்கில நூல்களில் எழுதி வருகின்றனர் என்பது இக்கரையோர மக்களுக்குப் பெருமையே. ஆனியிலும் ஆடியிலும் இக்காற்று வீசும்போது, காலையில் ஊற்றிய நீர் நண்பகலில் மணலில் இருப்பதில்லை.

மூத்த விவசாயிகள் பஞ்சாங்கத்தோடு காற்றையும் பார்த்தனர். முதல் மழையைக் கண்டு ஏமாந்து விதைக்காமல், காற்று வாடைக்குத் திரும்பிய பின்னரே சேனையில் விதை தூவினர். தமிழரும் முஸ்லிம்களும் பாணமைச் சிங்கள மக்களும் வெவ்வேறு நாட்காட்டியில் பெருநாள் பார்த்தாலும், விதைப்புக்கு மாத்திரம் ஒரே காற்றையே பார்த்தார்கள்.

கிணற்றின் கணக்கு

வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விதையையும் பசளையையும் பற்றியே பேசுகின்றனர். கரையோரத்தில் முதலில் பேசப்பட வேண்டியது கிணறு.

மழைநீர் மணலில் இறங்கி நிலத்தடியில் தேங்குகின்றது. அதற்குக் கீழே கடலின் உவர்நீர் ஊடுருவி நிற்கின்றது. ஒரு பங்கு நன்னீரின் எடை 1000 என்றால், அதே அளவு கடல்நீரின் எடை சுமார் 1025. ஆகவே நன்னீர் மேலே மிதக்கின்றது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதைப் போல. இந்தச் சிறு எடை வேற்றுமையிலிருந்து ஒரு பெரிய கணக்குப் பிறக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதையே மறுபக்கமாகப் பார்த்தால் அச்சம் தரும். நீரிறைக்கும் இயந்திரம் வைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தி, அவ்வாறே வைத்திருந்தால், கீழே உள்ள உவர்நீர் 40 அடி வரை மேலே ஏற இடமுண்டு. துலாவினால் இறைத்த காலத்தில் கிணறு தானே ஊறி நிமிர்ந்தது. மனிதனின் கைக்களைப்பே கிணற்றுக்குப் பாதுகாப்பாக இருந்தது எனலாம். இயந்திரம் களைப்பதில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி, பூரணை நாளன்று, ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபோது இவ்வுண்மை கசப்பாக வெளிப்பட்டது. அறுகம்பேயின் வீடுகளும் விடுதிகளும் போயின. உயிரிழப்பின் துயரத்துக்கு நடுவே, எஞ்சிய கிணறுகள் அனைத்திலும் கடல்நீர் நிறைந்திருந்தது. உதவ வந்தவர்கள் கிணறுகளை இயந்திரங்களால் இறைத்துத் துப்புரவு செய்தனர். ஒரு முறை இறைத்துச் சேற்றையும் அழுக்கையும் அகற்றியது அவசியமே. ஆனால் உவர் போகவில்லையென்று மீண்டும் மீண்டும் இறைத்தபோது, கீழிருந்த உவர்நீரே மேலே வந்தது. பின்னர் கிழக்குக் கரைக் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும், மிதமிஞ்சி இறைப்பது பயன் தராது, மழையே உவரைக் கழுவும் என்ற முடிவையே வெளியிட்டது. அடுத்தடுத்த மாரிகள் பெய்த பின்னரே பல வளவுகளில் கீரை முளைத்தது.

இன்று அந்த உவர் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் வேறொரு வழியாக அதே ஆபத்து வருகின்றது. சித்திரை முதல் ஐப்பசி தொடக்கம் வரை அறுகம்பேக்கு அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர் திரள்கின்றனர். விடுதிகளுக்கு அப்போதுதான் மரக்கறியும் கீரையும் அதிகம் வேண்டும். விலையும் அப்போதுதான் நன்றாக இருக்கும். கிணறு தாழ்ந்து கிடக்கும் காலமும் அதுவே. விடுதிகளும் அதே நிலத்தடி நீரைத்தான் இறைக்கின்றன. நல்ல விலைக்கு ஆசைப்பட்டு ஆனியில் அரை ஏக்கர் மிளகாய்க்கு நாள் முழுவதும் பம்பி வைப்பவர், தமது கிணற்றை மாத்திரமன்றி அயல் வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே விற்கின்றார். ஒரு போக இலாபத்தைக் கணக்கிடுவோர் இதனையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆகவே கோடையில் சிறிது சிறிதாக, அதிகாலையிலும் மாலையிலும் இறைப்பதே முறை. நீரில் உவர் தட்டினால் இலையில் தெளிக்காமல் அடியில் மாத்திரம் ஊற்ற வேண்டும். இலை நுனி கருகுவதும், மண்ணின் மேல் வெள்ளைப் படிவு காண்பதும் முதல் அறிகுறிகள். வெங்காயமும் போஞ்சியும் உவரைச் சற்றும் பொறுக்கா. கத்தரியும் மிளகாயும் ஓரளவே பொறுக்கும். தென்னை நன்கு தாங்கும். ஐயம் இருப்பின் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு போத்தல் கிணற்று நீரைக் கொண்டுபோய்க் காட்டினால், கருவி வைத்து அளந்து சொல்வதற்கு வழியுண்டு.

மாதங்களின் வேலை

தோட்டத்தின் ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை. வைகாசியில், கூட்டெருக் குழியில் பிறக்கின்றது. மணல் நிலம் பசளையைப் பிடித்து வைக்காது. மாரியில் யூரியாவை ஒரே தடவையில் இட்டால், ஒரு கன மழையில் அது வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். பின்னர் கிணற்றில்தான் அதனைக் காணலாம். இலைகுழை, மாட்டெரு, சாம்பல், அடுக்களைக் கழிவு ஆகியவையே மணலுக்கு நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் பலத்தைக் கொடுக்கின்றன. வைகாசியில் குழி நிரப்பி, நிழலிட்டு, அவ்வப்போது ஈரப்படுத்திக் கிளறினால், புரட்டாதியில் கைக்கு வரும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டு, நெல்வயல்கள் வாடி, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஏக்கர்க்கணக்கான வயலுக்குச் சேதனப் பசளை தேடுவது வேறு, பத்துப் பாத்தி வளவுக்குத் தேடுவது வேறு. வயலில் தோற்ற வழி வளவில் தோற்க வேண்டியதில்லை. முற்காலத்தில் பயிரிடும் நிலத்தில் கோடையில் மாட்டுப்பட்டி அடைத்து, சில நாட்களுக்கொருமுறை இடம் மாற்றி எருவூட்டினர். இன்றும் பட்டி வைத்திருப்போர் இப்பகுதியில் உண்டு. வண்டிக்கூலி மாத்திரமே செலவு.

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து அடியார்கள் வீடு திரும்பும்போது, நாற்றுமேடையை நினைக்கத் தொடங்கலாம். ஆவணிக் கடைசியில் மூன்றடி அகலத்தில் மேடை உயர்த்தி, அதன்மேல் வைக்கோலும் உமியும் அடுக்கி எரித்தால் நாற்றழுகல் நோய்க் கிருமிகள் பெருமளவு அழியும். விவசாயத் திணைக்களமும் இதனையே சொல்கின்றது. கத்தரி, மிளகாய் விதைகளை வரிசையாக இட்டு, கிடுகினால் பந்தலிட வேண்டும். நான்கு கிழமையில் நாற்று நடும் பருவத்துக்கு வரும். நடுவதற்கு ஒரு கிழமை முன்பாகக் கிடுகைச் சிறிது சிறிதாக அகற்றி வெயிலுக்குப் பழக்க வேண்டும். இப்பொறுமை இல்லாதவர்களின் நாற்றுத்தான் நட்ட மறுநாள் தலை சாய்கின்றது.

ஐப்பசியில் மழை விழுந்ததும் வெண்டி, பயிற்றை, பாகல், புடோல், மரவள்ளி, கீரை எல்லாவற்றுக்கும் வழி திறக்கின்றது. வயற்காரர் வட்டைக்குப் போய்விடுவதால், வளவு வேலை பெரும்பாலும் பெண்களின் கையில் விழும். உண்மையில் இவ்வூர்களின் வீட்டுத்தோட்டம் என்பது பெண்கள் வளர்த்த கலையே; மலர்களில் எழுதுவோர்தான் ஆண்கள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கும் திருவெம்பாவைக்கும் இடைப்பட்ட காலத்தில் நீர் ஊற்றுவதல்ல, நீரை வெளியேற்றுவதே வேலை. பாத்திகளை அரையடி உயர்த்தி, நடுவே வாய்க்கால் வெட்டாதவர் மிளகாயை அழுகக் கொடுப்பார். காற்றுக்கும் அஞ்ச வேண்டிய பருவம் இது. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தென்னைகளை அடியோடு சாய்த்ததை அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கின்றனர். வாழைக்கு முட்டுக் கொடுப்பதும், வீட்டின் மேல் சாய்ந்த முருங்கைக் கிளையைக் கழிப்பதும் கார்த்திகை பிறக்குமுன் முடிய வேண்டியவை.

மணல் வளவுக்குப் பொற்காலம் எதுவெனக் கேட்டால், அது தையும் மாசியும்தான். மழை ஓய்ந்திருக்கும், கிணறு நிறைந்திருக்கும், உவர் கழுவப்பட்டிருக்கும், வெயிலும் கடுமையாயிராது. தைப்பொங்கல் முடிந்த கையோடு இரண்டாம் தடவை நாற்று நடுவோர் பங்குனி, சித்திரையில் நல்ல பலன் பெறுவர். பூசணி, கெக்கரி, வத்தகப்பழம் ஆகிய கொடிகளுக்கு இதுவே உரிய பருவம். பெரும்பாலானோர் மாரிப் பயிரோடு ஓய்ந்துவிட்டு இந்த இரண்டு மாதங்களையும் வீணாக்குகின்றனர். 2022 இல் யூன் மாதத்தில் கொடுத்த விடுமுறையை இப்பகுதிக்கு மாத்திரம் ஜனவரியில் கொடுத்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

கண்ணகி அம்மன் குளிர்த்தி வைகாசியில் நடைபெறுவதும் காரணமின்றி அன்று. வெம்மை ஏறத் தொடங்கும் அக்காலத்தில் அம்மனைக் குளிர்விப்பது வழக்கு. தோட்டக்காரனும் அப்போது மண்ணைக் குளிர்விக்க வேண்டும். வெறும் மணலை வெயிலுக்குக் காட்டாமல் வைக்கோல், சருகு, தென்னோலை கொண்டு மூடுவதே அது. தென்னைக்கும் எலுமிச்சை, மாதுளைக்கும் அடியில் தேங்காய்ப் பொச்சைக் குழியிட்டுப் புதைத்தால், மாரியில் அது குடித்த நீரைக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். நான்கைந்து கன்றுகளை எப்படியும் காப்பாற்ற வேண்டுமெனில், பூச்சில்லாத மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிடலாம். நீர் கசிந்து வேரைத் தேடிச் செல்லும். கச்சானுக்கு அதில் பங்கில்லை.

ஆலய நந்தவனத்துக்கும் இதே கணக்குத்தான். அலரி கோடையையும் உவர்க்காற்றையும் தாங்கும். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அவ்வளவாகத் தாங்கா. கோமுகி வழியாக வெளியேறும் அபிஷேக நீரை ஒரு சிறு வாய்க்காலால் துளசிக்கும் வாழைக்கும் திருப்பினால், கோடை முழுவதும் பூசைக்கு இலை கிடைக்கும்.

காட்டோரச் சேனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 பெரும்போகத்தில் சேனா படைப்புழு அம்பாறை மாவட்டச் சோளனைத் தின்று தீர்த்தது. அதிலிருந்து, காலந்தாழ்த்தி விதைக்கும் சோளனுக்கே புழு அதிகம் என்று விவசாயிகள் அறிந்துகொண்டனர். மழை தொடங்கியவுடன் ஊர் ஒன்றாக விதைப்பதும், நாளுக்கொருமுறை குருத்தைப் பிரித்துப் பார்ப்பதும் பயன் தரும். யானையைப் பொறுத்தவரை, ஆடி, ஆவணியில் லாகுகலைக் குளத்தை நாடிக் கூட்டங்கள் வரும் காலத்தில் வாழையும் கரும்பும் காட்டோரம் நிற்பது வெற்றிலை வைத்து அழைப்பதற்குச் சமம். யானை எலுமிச்சை, தோடை இனங்களை விரும்புவதில்லை. வஸ்கமுவைப் பக்கத்தில் வேலியோரம் தோடை மரம் வளர்த்துப் பலன் கண்டுள்ளனர். இங்கும் செய்து பார்க்கத்தக்கது.

அடியார்க்கு இடும் சோறு

ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் பொத்துவில், பாணமை வழியாக உகந்தை முருகன் சந்நிதியை அடைந்து, குமணக் காட்டினுள் புகுகின்றனர். வழிநெடுக உள்ள ஊர்கள் அவர்களுக்கு அன்னமிடுவது நெடுங்கால மரபு. கச்சான் வீசும் கடுங்கோடையில், தோட்டத்தில் ஒன்றுமில்லாத காலத்தில், நூற்றுக்கணக்கானோருக்குக் கறி எங்கிருந்து வந்தது?

பூசணியிலிருந்து வந்தது. தையில் விதைத்த பூசணி சித்திரை, வைகாசியில் முற்றும். நான்கு விரல் காம்போடு வெட்டி, காயம் படாமல் எடுத்து, நான்கைந்து நாள் காயவிட்டு, வைக்கோல் பரப்பிய பரணில் ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தால், இரண்டு மூன்று மாதம் கெடாது. நீற்றுப்பூசணி அதனிலும் நெடுநாள் இருக்கும். மரவள்ளி நிலத்துள்ளேயே காத்திருக்கும். வேண்டிய நாளில் கிண்டலாம். பயறும் கௌப்பியும் மாசியில் காய்ந்து டின்னில் இருக்கும். முருங்கை கோடையில்தான் காய்க்கும். இவ்வாறு, கோடையில் விளைவிக்காமலே கோடைக்கு உணவு சேர்த்து வைத்தனர். கிணற்றைத் தொடவேண்டிய தேவை ஏற்படவில்லை.

இப்போது அன்னதானத்துக்கான மரக்கறி பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கப்படுகின்றது. ஆலயத்தைச் சூழவுள்ள ஒவ்வொரு வீடும் தையில் இரண்டு பூசணிக் குழி வைத்து, அதில் ஒன்றை முருகனுக்கென நேர்ந்துவிட்டால், ஆடியில் வாங்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

அதற்கு விதை வேண்டும். கடையில் விற்கும் கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது. ஊர் விதை விளையும். கொடியில் முதலில் திரண்ட நல்ல காயைப் பிஞ்சிலேயே தெரிந்தெடுத்து, யாரும் தவறிப் பறித்துவிடாதபடி காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவது பழைய வீட்டுப் பெண்களின் வழக்கம். கத்தரியாயின் மஞ்சளாகப் பழுக்கும் வரை செடியிலேயே விட்டு, விதையைப் பிசைந்து கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிடுவர். பூசணி விதைக்கும் சாம்பல்தான். இவ்வாண்டு பங்குனியில் நூல் கட்டிய கத்தரியின் விதை ஆவணியில் நாற்றுமேடைக்கு வரும். பூசணியின் விதை அடுத்த தையில் குழிக்குப் போகும்.